நோவு போனபிறகுதான் வேலை தொடங்குகிறது: விளையாட்டுக் காயங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கொழும்பில் ஞாயிறு காலை எந்தக் கிரவுண்டுக்குப் போனாலும் ஓரத்தில் ஒருவர் ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் ஐஸ்கட்டிப் பையுமாக உட்கார்ந்திருப்பார். சுற்றி நாலு பேர் நின்று நாலு வைத்தியம் சொல்வார்கள். தைலம் பூசி நன்றாக உருவு என்பார் ஒருவர். ஒரு மாதத்துக்குக் காலைக் கீழே வைக்காதே என்பார் இன்னொருவர். முறிவு நெரிவு வைத்தியரிடம் போய்ப் பத்துப் போடச் சொல்வார் மூன்றாமவர். நாலாமவர், "ஒன்றுமில்லை மச்சான், நடந்தால் சரியாகிவிடும்" என்று தோளில் தட்டுவார்.

எனக்கு இடது கணுக்கால் முதன்முதல் மடங்கியது 23 வயதில், வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள் சொஃப்ட்போல் விளையாடும்போது, வடிகான் மூடியின் விளிம்பில். இரண்டு கிழமை வீட்டில் இருந்தேன். வீக்கம் வற்றியது, நோவு போனது, திரும்ப விளையாடப் போனேன். அடுத்த இரண்டு வருடத்தில் அதே கால் இன்னும் நான்கு தடவை மடங்கியது, ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு கிழமை ஓய்வு, அதே தைலம். ஓய்வு நோவைக் குறைக்கும், ஆனால் காலுக்குப் பலத்தைத் திருப்பித் தராது என்று அந்த நாளில் எனக்கு யாரும் சொல்லவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். காயத்தை ஆற்றுவதும், அது திரும்பி வராமல் தடுப்பதும் வேறு வேறு வேலை இல்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: அளவாக, படிப்படியாக அந்த இடத்தில் பாரம் ஏற்றுவது.

நான் வைத்தியன் இல்லை. எங்கள் சின்ன அணியின் பயிற்சியைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறவன், இந்த ஆய்வுகளைத் தேடித் தேடி வாசிக்கிறவன். கீழே இருப்பதை அடி விழுந்த நிமிடத்திலிருந்து தொடங்கி வரிசையாக வைத்திருக்கிறேன்.

முதல் படி: இது காத்திருக்கக்கூடிய காயமா?

முதலில் தலை. தலையில் அடிபட்டு ஒருவர் தடுமாறினாலோ, ஸ்கோர் என்ன என்று கேட்டால் முழித்தாலோ, ஒளியும் சத்தமும் கூசுகிறது என்றாலோ அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது. "இப்போது ஓகே" என்று அவரே கெஞ்சினாலும் திரும்ப இறக்கக்கூடாது. வாந்தி திரும்பத் திரும்ப வந்தால், தலைவலி கூடிக்கொண்டே போனால், வலிப்பு வந்தால், கை கால் விறைத்தால், கழுத்து எலும்பு நொந்தால் உடனே வைத்தியசாலை. பிறகு நாட்கணக்கில் இருட்டு அறையில் படுக்க வைப்பதும் பழைய முறை. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் சொன்னது, முதல் 24 முதல் 48 மணி நேரம் வேலைகளைக் குறைத்து, மெதுவான நடையோடு இருந்து, பிறகு படிப்படியாகப் படிப்புக்கும் விளையாட்டுக்கும் திரும்புவது. அந்த இரண்டு நாளும் ஃபோனையும் டிவியையும் குறைத்தால் நல்லது.

அடுத்தது வெயில். பாடசாலைகளுக்கிடையிலான கிரிக்கெட் பிக் மேட்ச் காலமான மார்ச்சும் அதற்கடுத்த ஏப்ரலும் இங்கே புழுங்கும் மாதங்கள், வேர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. ஓடிக்கொண்டிருந்தவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் கதைத்தால், கோபப்பட்டால், சரிந்து விழுந்தால் அது வெறும் களைப்பு இல்லை, உடம்பு உள்ளே கொதிக்கிறது. இதில் ஆய்வு மிகத் தெளிவாக இருக்கிறது: அமெரிக்காவின் ஃபால்மவுத் வீதியோட்டத்தில் 18 வருடத்தில் இப்படி விழுந்த 274 பேரையும் அந்த இடத்திலேயே குளிர்ந்த நீர்த்தொட்டியில் இறக்கினார்கள், 274 பேரும் பிழைத்தார்கள். எனவே 1990-க்கு அழையுங்கள், ஆனால் அம்புலன்ஸ் வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். தொட்டி இருந்தால் தொட்டி, இல்லாவிட்டால் வாளி வாளியாக ஐஸ் தண்ணீர், நனைத்த துவாய், காற்று. குளிர்விப்பதுதான் முதல், கொண்டுபோவது அடுத்தது. நினைவு தெளிவில்லாதவர் வாயில் தம்பிலி இளநீரோ ஜீவனி உப்புக் கரைசலோ ஊற்றாதீர்கள், புரையேறும்.

மூட்டு இடம் மாறித் தெரிந்தால், எலும்பு வளைந்து தெரிந்தால், பாதம் வெளிறிக் குளிர்ந்தால் இழுத்துச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். இருக்கிற கோலத்திலேயே அசையாமல் தாங்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு இரவு பகல் திறந்தே இருக்கிறது.

இரண்டாம் படி: எக்ஸ்ரே வேண்டுமா?

இங்கே அதிகம் நடப்பது கணுக்கால் மடங்குவதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கனடாவின் ஒட்டாவாவில் இயன் ஸ்டீல் என்ற அவசர சிகிச்சை வைத்தியரும் அவருடைய குழுவும் 1992-இல் ஒரு சின்ன விதிமுறையை வெளியிட்டார்கள். மடங்கின கால்களில் பெரும்பாலானவற்றில் எலும்பு முறிந்திருக்காது, ஆனாலும் எல்லோருக்கும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கு உண்மையில் தேவை என்று விரலால் அழுத்தியே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. 2003-இல் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது முறிவு இல்லை என்று இந்த விதி சொன்னவர்களில் உண்மையில் முறிந்திருந்தவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு. கையால் செய்கிற ஒரு பரிசோதனைக்கு இது பெரிய விஷயம்.

செய்யும் விதம் இது. அடிபட்டவரைக் கதிரையில் உட்காரவைத்து சப்பாத்தையும் காலுறையையும் கழற்றுங்கள். கணுக்காலின் வெளிப்பக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்கிற எலும்பின் நுனியைப் பிடியுங்கள். அதன் முன்பக்கத்தை விடுங்கள், அங்கே சவ்வு இழுபட்டிருக்கும், எப்படியும் நோகும். எலும்பின் பின் விளிம்பில், நுனியிலிருந்து மேலே 6 சென்ரிமீற்றர் வரை, பெருவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே போங்கள். பிறகு உள்பக்க எலும்பிலும் அதே மாதிரி. பிறகு பாதத்தின் வெளி விளிம்பில் நடுவே ஒரு மேடு கையில் தட்டுப்படும், சின்னவிரலுக்குப் போகிற நீள எலும்பின் அடி அது, அதை அழுத்துங்கள். கடைசியாகப் பாதத்தின் உள்பக்க வளைவின் உச்சியில் இருக்கிற எலும்பு. இந்த நாலில் எங்காவது எலும்பிலேயே சுரீர் என்றால் எக்ஸ்ரே வேண்டும். எங்கும் நோகாவிட்டாலும், அடிபட்ட உடனேயும் இப்போதும் நொண்டியாவது நாலு அடி வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கும், குடித்திருப்பவருக்கும், சர்க்கரை வியாதியால் கால் மரத்துப்போனவருக்கும் இதை நம்ப வேண்டாம், நேரே வைத்தியரிடம் போங்கள்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் போவதை நான் தடுக்கவில்லை, எங்கள் வீட்டிலும் போயிருக்கிறார்கள். ஆனால் மேலே சொன்னதில் ஒன்று இருந்தால் முதலில் படம். முறிந்த எலும்பை முறியவில்லை என்று நினைத்து உருவியபிறகு அதைச் சரிசெய்வது கஷ்டம்.

மூன்றாம் படி: முதல் மூன்று நாள்

ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டு, உயர்த்தி வை என்ற நாலின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து "ரைஸ்" என்று பெயர் வைத்தவர் அமெரிக்க வைத்தியர் கேப் மேர்கின், வருடம் 1978. கிட்டத்தட்ட நாற்பது வருடம் உலகமே அதைத்தான் மனப்பாடம் செய்தது. 2014 அளவில் அவரே தன் கருத்தை மாற்றிக்கொண்டு, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். பேர்பெற்ற ஒருவர் தன் பெயர் சொல்லும் விஷயத்தையே திருத்தி எழுதியது எனக்குப் பெரிய மரியாதையை உண்டாக்கியது. 2012-இல் பிரித்தானிய விளையாட்டு மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை "ஓய்வு" என்ற சொல்லை எடுத்துவிட்டு "அளவான பாரம்" என்று மாற்றியது. முழுத் திருப்பமும் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

சரி, வீட்டில் என்ன செய்வது? முதல் ஒன்று முதல் மூன்று நாள் நோகிற அசைவைத் தவிருங்கள். காலை இதயத்தைவிட உயரமாகத் தலையணையில் வையுங்கள். மீள்துணியால் விரல்கள் நீலம் பாரிக்காத அளவுக்குக் கட்டுங்கள். ஐஸ் நோவை மரக்கடிக்கும், அதற்குமேல் சவ்வை ஆற்றும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. எனவே நித்திரை வராத அளவு நோவு இருந்தால் நனைத்த துணிக்கு மேல் 10 முதல் 20 நிமிடம் வைக்கலாம், நேரே தோலில் வேண்டாம். அழுத்தி உருவுவதும், சூடு ஒத்தடமும், மதுவும் இந்த நாட்களில் வேண்டாம்.

மருந்தில் ஒரு விஷயத்தைக் கொழும்புக்காரர்கள் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். நோவோடு காய்ச்சலும் இருந்தால் டிக்ளோஃபெனக், ஐபுபுரூஃபன் போன்றவற்றைத் தொடாதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவுக்கு வழி வைத்துவிடும். மழைக்காலத்தில் மட்ச் விளையாடிவிட்டு உடம்பு உளைகிறது என்று மாத்திரை போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே பயம் வரும். பரசிட்டமோலை அளவோடு எடுக்கலாம். காய்ச்சல் இல்லாத வெறும் சுளுக்குக்கு டிக்ளோஃபெனக் ஜெல் பூசுவது நன்றாக வேலைசெய்கிறது என்று மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பின் 2015 மீளாய்வு காட்டியது, மாத்திரை வயிற்றுக்குச் செய்கிற கெடுதி பூசுவதில் மிகக் குறைவு.

இந்த மூன்று நாளிலேயே, படுத்தபடி, நோகாத அளவுக்குக் காலை மேலும் கீழும் அசையுங்கள். காற்றில் எழுத்து எழுதலாம், "அ" முதல் "ஃ" வரை எழுதினால் கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்பிவிடும்.

நான்காம் படி: பாரம் ஏற்றுவது

நிறையப் பேர் ஓய்வெடுத்தே கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

டென்மார்க்கில் தொடைத்தசையோ கெண்டைத்தசையோ கிழிந்த 50 பொழுதுபோக்கு விளையாட்டுக்காரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதி காயம்பட்டு 2 நாளில் பயிற்சியைத் தொடங்கியது, மற்றது 9 நாள் பொறுத்துத் தொடங்கியது. பயிற்சி ஒன்றேதான், வித்தியாசம் அந்த ஒரு கிழமை மட்டும். சீக்கிரம் தொடங்கியவர்கள் சுமார் மூன்று கிழமை முன்னதாகவே விளையாட்டுக்குத் திரும்பினார்கள், மறுகாயமும் கூடவில்லை. 2017-இல் வந்தது இது. ஒரு கிழமை ஓய்வு மூன்று கிழமையை விழுங்கியிருக்கிறது என்று நான் அணியில் எல்லோருக்கும் சொல்வேன்.

கணுக்காலுக்கு: இரண்டு மூன்று நாளில் தாங்கித் தாங்கியாவது நடக்கத் தொடங்குங்கள், நொண்டாமல் நடக்க முடிகிற தூரம்தான் உங்கள் அளவு. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிக்காலையும் உயர்த்துங்கள், பிறகு ஒற்றைக் குதிக்கால். அதோடு ஒற்றைக் காலில் நிற்பது. இதை நான் பல் துலக்கும் நேரத்தோடு கட்டிவைத்தேன், காலையில் இடது கால், இரவில் வலது கால். முதல் நாள் இடது காலில் பத்து எண்ணுவதற்குள் வாஷ்பேசினைப் பிடித்துவிட்டேன். நோவு போய் ஒன்றரை மாதமான கால் அது. பாதத்துக்குள் சின்னச் சின்னத் தசைகள் துடிப்பது தெரியும், கட்டைவிரல் தரையைத் தேடிப் பிடிக்கும். மூன்று கிழமையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்க முடிந்தது. பிறகு மடித்த தலையணையில் நின்று, பிறகு தம்பி எறிகிற பந்தை அந்த நிலையிலேயே பிடித்து.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. நெதர்லாந்தில் கணுக்கால் மடங்கிய 522 பேரில் ஒரு பகுதியினரிடம் வழக்கமான வைத்தியத்தோடு 8 கிழமை, கிழமைக்கு மூன்று தடவை, வீட்டிலேயே செய்யும் இந்தமாதிரிச் சமநிலைப் பயிற்சியைக் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் கால் திரும்ப மடங்கியது செய்தவர்களில் 22 சதவீதத்தினருக்கு, செய்யாதவர்களில் 33 சதவீதத்தினருக்கு. 2009-இல் வெளியானது. கண்காணிக்க ஆள் இல்லை, கருவி பெரிதாக இல்லை, வீட்டில் தனியாகச் செய்தே இவ்வளவு குறைந்திருக்கிறது. திரும்ப விளையாடும் முதல் வருடம் கயிறு கட்டும் கணுக்கால் உறையோ டேப்போ போடுவதும் நல்லது. கால் அதற்குப் பழகிப் பலவீனமாகிவிடும் என்ற பேச்சுக்காக அதைக் கழற்ற வேண்டாம்.

குதிக்கால் நாண் நோவுக்கு, காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குத்துகிறதே அதற்கு: சுவீடனில் ஹோகன் அல்ஃப்ரெட்சன் 1998-இல் நாள்பட்ட நோவுள்ள 15 ஓட்டக்காரர்களுக்கு ஒரே ஒரு பயிற்சி கொடுத்தார். படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிக்காலை மெதுவாகக் கீழே இறக்குவது, முழங்கால் நேராக 15 தடவை மூன்று சுற்று, மடித்து 15 தடவை மூன்று சுற்று, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மொத்தம் 180. பன்னிரண்டு கிழமையில் 15 பேரும் ஓடத் திரும்பினார்கள். 180 கொஞ்சம் அதிகம்தான். கிழமைக்கு மூன்று நாள் மெதுவாக, கனமான எடையோடு செய்தாலும் பலன் அதே அளவு என்று 2015-இல் டென்மார்க்கில் காட்டினார்கள், வேலைக்குப் போகிறவர்களுக்கு அதைத்தான் நான் சொல்வேன். செய்யும்போது நோகலாமா? பத்துக்கு ஐந்து வரை நோகலாம், ஆனால் அடுத்த நாள் காலையில் அது பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அளவைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

தொடையின் பின்தசை, எல்லோரும் ஹாம்ஸ்ட்ரிங் என்று சொல்வது: ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து யாரோ கல்லால் எறிந்ததுபோல் இருக்கும். நம்மவர்கள் முதல் வேலையாகக் குனிந்து இழுத்துப் பார்ப்பார்கள். முதல் சில நாள் அது வேண்டாம். பிறகு தசை நீண்ட நிலையில் இருக்கும்போது மெதுவாகப் பாரம் ஏற்றும் பயிற்சிகள்தான் வேலைசெய்கின்றன. 2013-இல் சுவீடன் உதைபந்து வீரர்கள் 75 பேரில் அப்படிச் செய்தவர்கள் சராசரி 28 நாளில் திரும்பினார்கள், வழக்கமான பயிற்சி செய்தவர்களுக்கு 51 நாள் எடுத்தது. இதை ஒரு பிஸியோவோடு சேர்ந்து செய்யுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் விளையாட்டு மருத்துவத்தில் பயிற்சி கொடுப்பதால் அந்தத் துறையில் படித்த வைத்தியர்கள் இங்கேயே இருக்கிறார்கள். உங்கள் வைத்தியரிடம் அப்படி ஒருவருக்குக் கடிதம் கேளுங்கள்.

ஐந்தாம் படி: எப்போது திரும்ப விளையாடலாம்?

நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மற்றக் காலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காயம்படாத காலில் ஒற்றைக் குதிக்கால் எத்தனை தடவை உயர்த்த முடிகிறது, ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் பாய முடிகிறது, எத்தனை நேரம் நிற்க முடிகிறது என்று எழுதுங்கள். காயம்பட்ட கால் அதில் 90 சதவீதத்தையாவது தொட வேண்டும். பிறகு நேராக ஓட்டம், பிறகு வேகம், பிறகு திரும்பி வெட்டி ஓடுவது, பிறகு முழுப் பயிற்சி, அதற்குப் பிறகுதான் மட்ச்.

முழங்காலில் ஏ.சி.எல். சவ்வு அறுந்து சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு இது உயிர்நாடி. நோர்வேயும் அமெரிக்காவும் சேர்ந்து 106 பேரைத் தொடர்ந்து பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள்: ஒன்பதாம் மாதம் வரை விளையாட்டைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தைப் பாதிபாதியாகக் குறைத்தது. ஆறாம் மாதத்தில் இறங்க அவசரப்படும் பெடியளிடம் இந்த ஒரு வரியைக் காட்டுங்கள். ஏ.சி.எல். அறுந்த எல்லோருக்கும் உடனே சத்திரசிகிச்சை வேண்டும் என்றும் இல்லை. சுவீடனில் 121 இளம் ஆட்களில் ஒரு பகுதிக்கு உடனே செய்து, மற்றவர்களுக்குப் பயிற்சியோடு தொடங்கித் தேவைப்பட்டால் மட்டும் பிறகு செய்தார்கள். இரண்டு வருடத்தில் முழங்காலின் நிலை இரு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது, பயிற்சியோடு தொடங்கியவர்களில் பாதிக்கு மேல் ஏ.சி.எல். சத்திரசிகிச்சை இல்லாமலே இருந்தார்கள். எனவே வைத்தியரிடம், "முதலில் மூன்று மாதம் பயிற்சி செய்து பார்க்கலாமா?" என்று தைரியமாகக் கேளுங்கள். முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் இருந்தால் கதை வேறு, அது உடனே பார்க்கப்பட வேண்டும்.

ஸ்கானில் வருகிற சொற்களைப் பார்த்து உடைந்துபோக வேண்டாம். முதுகு நோவே இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதத்தினருக்கு முதுகெலும்புத் தட்டில் தேய்மானம் தெரிகிறது என்று 2015-இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் படங்களைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஆறாம் படி: பந்து போடும் பிள்ளையின் நாரி

நோவோடும் அளவாகப் பாரம் ஏற்றலாம் என்று மேலே சொன்னதற்கு விதிவிலக்கு இது. பதின்ம வயது வேகப்பந்து வீச்சாளருக்கு நாரி, அதாவது அடிமுதுகு, நொந்தால், அதுவும் வலது கையால் போடுகிறவருக்கு இடது பக்கமும் இடது கைக்காரருக்கு வலது பக்கமும் நொந்தால், பின்னால் வளையும்போது கூடினால், அதை வளர்ச்சி நோவு என்று விடாதீர்கள். முதுகெலும்பில் மயிரிழை வெடிப்பாக இருக்கலாம். உடனே பந்து போடுவதை நிறுத்தி விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் எலும்பு ஒட்டும், மாதங்கள் எடுக்கும், ஆனால் ஒட்டும். மேலும் போட்டுக்கொண்டே போனால் ஒட்டாமல் போகலாம்.

காரணம் பெரும்பாலும் ஓவர்களின் எண்ணிக்கை. அவுஸ்திரேலியாவில் ஜோன் ஓர்ச்சர்டின் குழு பெரியவர்களிலேயே கண்டது, ஒரு போட்டியில் 50 ஓவருக்கு மேல் போட்டவர்களுக்கு அடுத்த இரண்டு முதல் நான்கு கிழமையில் காயம் கூடுகிறது என்று. அன்றைக்கு ஒன்றும் நோகாது, பிறகுதான் வரும், அதனால்தான் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. இங்கிலாந்தில் 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குத் தொடர்ந்து 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர் என்ற வரம்பு பல வருடம் இருந்தது. இங்கே ஒரே பிள்ளை பாடசாலைக்கும் போடுகிறது, கழகத்துக்கும் போடுகிறது, பின்னேரம் தனிப்பயிற்சியாளரிடம் வலையிலும் போடுகிறது. மூன்று பேரில் ஒருவருக்கும் மொத்தக் கணக்குத் தெரியாது. அந்தக் கணக்கை வைத்திருக்கக்கூடியவர் வீட்டில் இருக்கிற நீங்கள் மட்டும்தான். ஒரு கொப்பியில் திகதி போட்டு வலையில் போடும் பந்துகளையும் சேர்த்து எழுதுங்கள். லசித் மாலிங்க 2011-இல் டெஸ்ட்டிலிருந்து ஓய்வு பெற்றபோது வலது முழங்காலின் நாள்பட்ட தேய்மானத்தையே காரணமாகச் சொன்னார். அந்த உயரத்தில் இருந்தவருக்கே உடம்பு கணக்குக் கேட்டது.

நித்திரையையும் அந்தக் கொப்பியில் எழுதுங்கள். 2014-இல் லொஸ் ஏஞ்சல்ஸில் 112 பாடசாலை விளையாட்டுப் பிள்ளைகளைப் பார்த்ததில், 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் 1.7 மடங்கு. விடிய ஐந்து மணிக்குப் பிரக்டிஸ், பாடசாலை, ரியூசன், இரவு பதினொன்றுக்கு வீட்டுப்பாடம் என்று ஓடுகிற பிள்ளைக்கு எந்தப் பயிற்சியைக் கூட்டினாலும் பலன் குறைவு.

ஏழாம் படி: ஓடுகிறவர்களுக்கு

காலிமுகத்திடலிலும் சுதந்திர சதுக்கத்திலும் ஓடுகிறவர்கள், கிழமைக்கு 10 சதவீதம் மட்டும் கூட்டு என்ற விதியைக் கேட்டிருப்பீர்கள். நெதர்லாந்தில் 2008-இல் அதைப் புதிய ஓட்டக்காரர்களிடம் சோதித்தார்கள், காயம் இரு பக்கமும் ஏறக்குறைய 20 சதவீதம், வித்தியாசம் இல்லை. 2025-இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கடிகாரப் பதிவுகளைப் பார்த்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது: கிழமைக் கணக்கைவிட ஒரே ஓட்டம்தான் ஆபத்து. கடந்த 30 நாளில் நீங்கள் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட ஒரே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டினால் காயம் கூடுகிறது. எனவே நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று 6 கிலோமீற்றர்க்காரர் திடீரென்று 12 ஓட வேண்டாம்.

எட்டாம் படி: காயமே வராமல், அணியாக

ஓடுமுன் நின்ற இடத்தில் தசையை இழுத்துப் பிடித்து நிற்பது, அதாவது ஸ்ட்ரெச்சிங், காயத்தைக் குறைக்காது. 2014-இல் 25 ஆய்வுகளை, 26,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்தபோது இழுப்புப் பயிற்சிக்குப் பலன் தெரியவில்லை, பலப் பயிற்சி காயங்களை மூன்றில் ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தது. இழுப்பது பிடித்திருந்தால் செய்யுங்கள், ஆனால் அதைக் காப்பு என்று நம்பாதீர்கள்.

ஹாம்ஸ்ட்ரிங்கைக் காக்க நோர்டிக் பயிற்சி. டென்மார்க்கில் 50 உதைபந்து அணிகள், 942 வீரர்கள்: செய்த பக்கத்தில் 15 காயம், செய்யாத பக்கத்தில் 52. முழங்காலில் மண்டியிட்டு, பின்னால் ஒருவர் உங்கள் குதிக்கால்களை அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்துக்கொண்டு முன்னால் மெதுவாகச் சாய்வது. சாய்ந்து சாய்ந்து ஒரு இடத்தில் தொடை இனித் தாங்காது என்று சொல்லும், அங்கே கைகளால் தரையைப் பிடித்துவிடுங்கள். கீழே ஒரு பழைய துவாயை மடித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் முழங்கால் உரியும். முதல் கிழமை ஒரே நாள், 5 தடவை இரண்டு சுற்று. இரண்டாம் கிழமை இரண்டு நாள், 6 தடவை. பிறகு கிழமைக்கு மூன்று நாள் வரை, மூன்று சுற்றாகக் கூட்டிக்கொண்டு போய், பத்து கிழமை முடிந்தபிறகு கிழமைக்கு ஒரு தடவை காணும். முதல் நாலைந்து நாள் படி இறங்கவே தொடை உளையும், பயந்து விட்டுவிடாதீர்கள். மட்ச்சுக்கு முதல் நாள் மட்டும் வேண்டாம்.

அணி முழுவதற்கும் ஃபிஃபா 11 பிளஸ் என்ற ஆயத்தப் பயிற்சித் தொகுப்பு இருக்கிறது. ஓட்டம், பலமும் சமநிலையும், பிறகு வேக ஓட்டம் என்று மூன்று பகுதி, 15 பயிற்சி, 20 நிமிடம், பந்தும் தரையும் காணும். நோர்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகள் 1,892 பேரிடம் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள்: மொத்தக் காயம் சுமார் மூன்றில் ஒரு பங்கும், கடும் காயம் பாதியளவும் குறைந்தது. பெண்பிள்ளைகளுக்கு ஏ.சி.எல். அறுவது ஆண்பிள்ளைகளைவிடப் பல மடங்கு என்பதால், வலைப்பந்து விளையாடும் எங்கள் மகள்மாருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் இருப்பது எனக்கு ஆறாத கவலை. குதித்து இறங்கும்போது இரண்டு முழங்காலும் உள்ளே சரிந்து முட்டுகிறதா என்று பாருங்கள், அந்தச் சரிவைத் திருத்துவதே இந்தப் பயிற்சியின் பாதி வேலை.

இருபது நிமிடத்துக்கு எங்கள் அணியிலும் முதலில் முணுமுணுத்தார்கள், கிரவுண்ட் கிடைப்பதே ஒன்றரை மணி நேரம்தான். அதற்கும் ஒரு பதில் கிடைத்தது. 2019-இல் அவுஸ்திரேலியாவில் நடுப்பகுதியை, அதாவது பலப் பயிற்சியை, ஆட்டத்துக்குப் பிறகு தள்ளிவைத்துப் பார்த்தார்கள். காப்பு குறையவில்லை, செய்கிறவர்கள் கூடினார்கள். நாங்களும் அப்படித்தான் இப்போது செய்கிறோம். முன்னால் ஓட்டமும் குதிப்பும் பத்து நிமிடம். முடிந்தபிறகு, ஸ்டம்ப்பைப் பிடுங்கிப் பைக்குள் வைக்கும் முன்பு, இருவர் இருவராக மண்டியிட்டு ஒருவர் காலை ஒருவர் பிடிக்கிறோம்.